நாற்பது நிறையும் முன்

அத்தியாயம் 11

போன வாரம் காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து ஒப்புதல் கடிதம் வந்ததும், லிஃப்ட்காரர் மூன்று மாடியும் படியேறி ஓடி வந்தாரே, அந்த மூச்சிரைப்புகூட இன்னும் அடங்கியிருக்காது. அதற்குள் இந்த வாரம் ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறேன் என்று என்னைத் திட்டாதீர்கள். திட்டுவதென்றால் அந்தக் கடிதத்தோடு இணைத்து அனுப்பிய கையேட்டைத் திட்டுங்கள். நாற்பத்திரண்டு பக்கம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. நிம்மதியாக இருக்கிறவர்கள் யாரும் அதைப் பிரிக்கக் கூடாது.

இந்த வாரம்தான் முதல் தடவையாகப் படிக்கிறீர்கள் என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும். பொடிசு மருந்துப் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். படித்த காலத்தில் வகுப்பிலேயே அவள்தான் உருவத்தில் சின்னவள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இத்தனை வருஷமாகியும் கழன்றபாடில்லை. அவள் கணவர் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அப்பா ஒரு சினிமா தியேட்டரில் படம் ஓட்டியவர். தியேட்டரை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள், ஆனாலும் அவரை எல்லோரும் இன்னும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. மிச்சமுள்ள மூன்று பேருக்கும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கைக்காசு போட்டு இரண்டு தடவை சிகிச்சை பார்த்தாயிற்று. இரண்டு தடவையும் கரு நிற்கவில்லை. மூன்றாவது தடவைக்குக் கையிலும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை என்றிருந்தபோதுதான், இந்த வருஷம் தொழிற்சாலைக் காப்பீட்டில் குழந்தைப்பேறு சிகிச்சையையும் சேர்த்தார்கள். ஆயுளில் ஒரே ஒரு தடவைக்கு. போன மாதமே ஆரம்பித்திருக்க வேண்டியது. விண்ணப்பத்தில் லிஃப்ட்காரரின் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது என்று தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பக் கையெழுத்து வாங்கி அனுப்புவதற்குள் ஒரு மாதம் போய்விட்டது.

பொடிசுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு தடவைதான்.

காலை ஆறரைக்கு அவள் கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பாதியாகிவிட்டது, கவனிக்கவில்லை. ஒரு வரியை மூன்று தடவை படித்துவிட்டு, பல் துலக்கிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டாள். வாயில் நுரையோடு வந்து நின்றார். அவள் வாசித்துக் காட்டினாள். சிகிச்சை தொடங்கும் நாளில் உறுப்பினருக்கு நாற்பது வயது நிறைவடைந்திருக்கக் கூடாது.

அதனால் என்ன, உனக்குத்தான் நாற்பது ஆகவில்லையே என்று சைகையிலேயே கேட்டார்.

"நடக்குதுங்க. இன்னும் பத்தொம்போது நாள்ல முடியுது."

அவர் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அதுவரை இருவருமே அதை நாற்பது வயது வரைக்கும் என்றுதான் புரிந்து வைத்திருந்தார்கள். நாற்பது முடிந்தாலும் நாற்பத்தொன்று ஆகும்வரை அதில் சேர்த்தி என்று நினைத்திருந்தார்கள். நாமெல்லாம் அப்படித்தானே பேசுகிறோம். நடப்பது வேறு, முடிவது வேறு என்று யார் இதுவரை யோசித்தோம்? காப்பீட்டுக்காரர்கள் யோசித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் பிழைப்பு.

மாதவிலக்கு வந்த இரண்டாம் நாள் முதல் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொடிசு விரல் விட்டு எண்ணினாள். எப்படி எண்ணினாலும் அது இன்னும் இருபத்து நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. லிஃப்ட்காரர் பின்னாலிருந்து முன்னால் எண்ணிப் பார்த்தார். அப்படியும் இருபத்து நான்குதான். ஐந்து நாளில் தவறுகிறது. டாக்டரிடம் கேட்டு ஊசியை முன்கூட்டியே போடச் சொல்லலாம், நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டினார். பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். அவள்தான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

அடுத்த அறையில் ஆபரேட்டர் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் குரலைத் தணித்தார்கள்.

ஏன் தணித்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இன்னும் பத்தொன்பது நாளில் பொடிசுக்கு நாற்பது முடிகிறது என்பது காகிதத்தில் இருக்கிற கணக்கு. உண்மையில் அவளுக்கு முப்பத்தெட்டுதான் முடிந்திருக்கிறது. மிச்சப் பதினான்கு மாதத்தைச் சேர்த்தவர் அப்பா.

அம்மா ஆஸ்பத்திரி வார்டில் ஆயா வேலை பார்த்தாள், அப்பாவுக்குத் தியேட்டர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவளைப் படம் ஓட்டும் அறையில், மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்துவிடுவார். ஒரு நாள் ரீல் மாற்றும் நேரத்தில் அவள் விளக்குப் பெட்டியைத் தொட்டுவிட்டாள். உள்ளங்கை வெந்துபோனது. அப்போது அவளுக்கு மூன்று வயது பத்து மாதம். புண் ஆறிய மறுநாளே ஆபரேட்டர் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஐந்து வயது முடிந்துவிட்டது என்று சொல்லி, ஒரு தேதியையும் வாய்க்கு வந்தபடி சொன்னார்.

தலைமை ஆசிரியருக்குச் சந்தேகம். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால்தான் வயது வந்த பிள்ளை என்று கணக்கு. அவள் கை எட்டவே இல்லை. அப்பா வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்தபடி தலையை நன்றாகச் சாய்த்து, விரல் நுனியைக் காதில் படவைத்துவிட்டாள். ஆசிரியர் சிரித்துவிட்டுப் பேரை எழுதிக்கொண்டார்.

இதை ஆபரேட்டர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தார். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று அவருக்கு அதில் ஒரு பெருமை.

இன்று காலை அந்தக் கதையை அவரிடம் எடுக்க மகளுக்கு மனசு வரவில்லை. சொல்லாமலே கிளம்பிவிட்டாள்.

தொழிற்சாலையில் பொடிசுக்கு வேலை பார்ப்பது. வேறொன்றும் இல்லை, பார்ப்பது. வெள்ளை வெளிச்சம் அடிக்கும் ஒரு திரைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும். குமிழி இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, கழுத்து கோணியிருக்கிறதா என்று பார்த்து, இருப்பதைத் தட்டிவிட வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் ஒருத்தரை உட்கார விடமாட்டார்கள், கண் ஏமாற்றிவிடும். இருபது நிமிஷம் பார்த்தால் இருபது நிமிஷம் அட்டைப்பெட்டி மடிப்பு, பிறகு மறுபடி திரை. இருபத்தோரு வருஷமாக இதைச் செய்கிறாள். அன்றைக்கு ஒரு கோணல் கழுத்து அவளைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த மேசைக்காரி கூப்பிட்டுக் காட்டும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

பத்தரை மணி இடைவேளையில் செல்பேசியை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போய், கையேட்டின் பின்னட்டையில் இருந்த உதவி எண்ணை அழைத்தாள். பாட்டு ஓடியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் ஆறு தடவை சொன்னது. முக்கியமென்றால் எடுக்க வேண்டியதுதானே!

கடைசியில் எடுத்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். சிகிச்சை தொடங்கும் நாள் என்றால் எந்த நாள் என்று பொடிசு கேட்டாள். மாத்திரை போன மாதத்திலிருந்தே சாப்பிடுகிறேன், ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தம் கொடுத்தாயிற்று, இதெல்லாம் தொடக்கம் இல்லையா? இல்லையாம். அதெல்லாம் ஆயத்தமாம். முதல் ஊசி போடும் நாள்தான் தொடக்கமாம். ஒப்புதல் கடிதமே கொடுத்துவிட்டீர்களே என்று கேட்டாள். கடிதத்தின் கடைசி வரியைப் பாருங்கள் என்றாள் அந்தப் பெண். கையேட்டிலுள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று போட்டிருந்தது.

ஐந்தே நாள்தான் என்று பொடிசு சொல்லிப் பார்த்தாள். பிறகு, ஒரு நாளாக இருந்தாலும் கணினி ஏற்றுக்கொள்ளாது மேடம் என்று பதில் வந்தது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள். அவர்கள் அப்படித்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அழைப்பை முடித்தபோது கணவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. இருக்கிற கொஞ்ச நஞ்சக் கருமுட்டையையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம், உடம்பு தன் நேரத்தில்தான் தயாராகும் என்று டாக்டர் முடியாதென்றுவிட்டாராம். பதினாறாவது மாடியில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களை எடுத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று கீழே எழுதியிருந்தார். அவர்களையாவது யாரோ வந்து எடுக்கிறார்களே என்று பொடிசு நினைத்தாள். உடம்பு ஒரு தேதி சொல்கிறது, காகிதம் ஒரு தேதி சொல்கிறது, இரண்டுக்கும் நடுவில் அவள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரைக்குப் போய்விட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடவில்லை. முற்றத்தைத் தாண்டி அலுவலகக் கட்டடத்துக்குப் போனாள். அங்கே தொழிலாளர் நலப் பிரிவில் ஒரு அம்மாள் இருக்கிறார். முப்பது வருஷமாகக் கோப்புகளுக்கு நடுவிலேயே இருப்பதால் அவருக்கு ஃபைலம்மா என்று பெயர். பொடிசு எல்லாவற்றையும் சொன்னாள். ஃபைலம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு, இதற்கா இப்படி, வயதே தப்பு என்றால் வயதைத் திருத்திவிட வேண்டியதுதானே என்றார். இந்த இருக்கையில் உட்கார்ந்து இரண்டு பேருக்குத் திருத்திக் கொடுத்திருக்கிறாராம். பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு வேண்டும், பெற்றவர் ஒருவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். நல அதிகாரி ஒப்பமிட்டால் காப்பீட்டுக் கம்பெனிக்கு அதே வாரத்தில் போய்விடும். அதிகாரி புதிதாக வந்தவர், எதற்கெடுத்தாலும் விதி விதி என்கிறவர், அவரைச் சட்டப் புத்தகம் என்றுதான் சொல்கிறோம், ஆனாலும் தாள் சரியாக இருந்தால் போட்டுவிடுவார் என்று சொல்லி ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதோடு நியமன உத்தரவின் நகல் ஒன்றும் வேண்டுமாம்.

ஐந்து நாள் தவறியது போய், பதினான்கு மாதம் கையில் இருக்கிறது! பொடிசுக்கு அந்தப் படிவத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. உத்தரவை எடுத்துக்கொண்டு சாயங்காலம் கேட்டுக்கு வரும்படி கணவருக்குச் செய்தி அனுப்பினாள். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நான் பொறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?"

"இருக்கேம்மா. அம்மாவோட பெட்டில. எதுக்கு?"

அவள் சொன்னாள். இடைவேளை முடிய நான்கு நிமிஷம் இருந்தது, அதனால் வேகமாகச் சொன்னாள். நாற்பது, ஊசி, ஐந்து நாள், ஃபைலம்மா, திருத்தம், சட்டப் புத்தகம் என்கிற நல அதிகாரி, பெற்றவர் கையெழுத்து. ஆபரேட்டருக்கு முதல் தடவை பிடிபடவில்லை. மறுபடி கேட்டார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அந்த மறுபடியில்தான் வெளியே வந்துவிட்டது.

"அன்னிக்கு நீங்க சொன்ன பொய்தான்ப்பா இன்னிக்கு எனக்குக் குறுக்க நிக்குது."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சீட்டை எடுத்து வையுங்கள், மற்றதெல்லாம் வந்து பேசிக்கொள்ளலாம் என்றாள். சரிம்மா என்றார். மணி அடித்துவிட்டது.

ஐந்து மணிக்கு ஷிஃப்ட் விட்டது. லிஃப்ட்காரர் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரைக்கும் கிரீஸ். மதியமே வீட்டுக்குப் போய் உத்தரவை எடுத்துக்கொண்டு, அடுத்த கட்டடத்து வேலையையும் முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் நியமன உத்தரவு. இவள் சிரித்துக்கொண்டே போனாள். அவர் சிரிக்கவில்லை. டீ சொல்லியிருந்தார், இரண்டு கிளாஸும் ஆடை கட்டிக் கிடந்தன.

"நீ வேலைல சேரும்போது உனக்கு என்ன வயசு?"

"பதினெட்டு முடிஞ்சு ரெண்டு மாசம்."

"காகிதத்துல அது. நெசத்துல?"

அவள் கணக்குப் போட்டாள். பதினான்கு மாதத்தைக் கழித்தாள். பதினேழு. அன்றைக்குத்தான் முடிந்த பதினேழு.

அவர் உறையிலிருந்து உத்தரவை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். ஒன்பதாவது நிபந்தனைக்குக் கீழே கிரீஸ் விரல் பதிந்திருந்தது. பதினெட்டு வயது நிறைவடையாதவர் பணியில் சேரத் தகுதியற்றவர். வயதைப் பற்றித் தவறான தகவல் கொடுத்தது எக்காலத்தில் தெரியவந்தாலும் முன்னறிவிப்பின்றிப் பணிநீக்கம் செய்யப்படுவார்.

இங்கேயும் அதே நிறைவடைதல்! எனக்கே எழுதும்போது ஆத்திரமாக வருகிறது.

பொடிசு அதை நான்கு தடவை படித்தாள். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது முதல் பக்கத்திலிருந்த தன் பேரைத்தான் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தைப் பிரிக்கவே இல்லை.

ஃபைலம்மா திருத்திக் கொடுத்த இரண்டு பேருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டுப் பார்த்தாள். அவர்கள் எந்த வயதில் சேர்ந்தார்களோ, யாருக்குத் தெரியும் என்றார் அவர். இருபத்தைந்து வயதில் சேர்ந்தவருக்கு ஒரு வருஷம் குறைந்தால் இருபத்து நான்கு, அதை யாரும் கேட்கப்போவதில்லை. இவளுக்குக் குறைந்தால்தான் வினை. வயதைத் திருத்தாவிட்டால் சிகிச்சை போய்விடும். திருத்தினால் வேலை போய்விடும், வேலையோடு காப்பீடு போய்விடும், காப்பீட்டோடு அதே சிகிச்சையும் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

எதிரே கேட்டுக்குள் அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தெரிந்தவள் ஒருத்தி கையசைத்தாள், பொடிசும் அசைத்தாள்.

"எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்றாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார். கிரீஸ் அவள் கையிலும் ஒட்டியது. இந்த வேலையை விட்டுவிட்டு வேறெங்காவது சேர்ந்தால் என்ன என்று அவர் கேட்டார். கேட்கும்போதே பதில் அவருக்கும் தெரியும். வேறெங்கே சேர்ந்தாலும் காப்பீடு செல்லுபடியாக இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் உண்மையான நாற்பதும் முடிந்துவிடும். நமக்குக் குழந்தை இல்லை என்று யார் அழுதார்கள், நாம் மூன்று பேர் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவரே நிறுத்திவிட்டு ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு வேணும்" என்றாள் அவள். "ஒரு தடவையாவது முழுசா முயற்சி பண்ணிப் பாத்தேன்னு இருக்கணும். அதுகூடக் கெடைக்காதா எனக்கு?"

அவர் உத்தரவை எடுத்து மறுபடி உறைக்குள் வைத்தார்.

கடைசியில் அவள்தான் எழுந்தாள். படிவத்தை நாலாக மடித்துக் கிழித்துக் கடையின் குப்பைக் கூடையில் போட்டாள். வேலை இருந்தால்தான் வீடு இருக்கும், அப்பாவுக்கு மருந்து இருக்கும். சீட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம். ஃபைலம்மா கேட்டால் சீட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அவர் நல்ல மனுஷி, துருவிக் கேட்கமாட்டார்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அப்பாவின் நினைப்புத்தான். நாள் முழுக்க அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். அந்த மனிதர் மட்டும் அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லாமலிருந்தால், இன்னொரு கையும் வெந்திருக்கும், அவ்வளவுதான். போனதும் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கணவரிடம் சொன்னாள். ஊசி விஷயம் எப்படியோ சரியாகிவிட்டது, சீட்டு தேவையில்லை என்று இருவரும் சேர்ந்தாற்போல் சொல்லிவிடலாம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். எந்த வார்த்தையை யார் சொல்வது என்பது வரைக்கும் முடிவாயிற்று.

மூன்றாவது மாடிக் கதவு திறந்தே கிடந்தது. ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்திருந்தது. கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்போடு. காலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாப்பிள்ளையும் வந்தாச்சா. நல்லதாப் போச்சு" என்று எழுந்தார்.

எங்கே போயிருந்தீர்கள் என்று பொடிசு கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ரசீது. தொழிற்சாலையின் நீல முத்திரை. பெறப்பட்டவை: பிறப்புச் சீட்டு, அசல், ஒன்று. தந்தையின் எழுத்துமூல வாக்குமூலம், ஒன்று. நேரம், மாலை மூன்று நாற்பது.

அந்த நேரத்தில் அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அலுவலக வாசல் அடுத்த தெருவில். அப்பா வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஆபரேட்டர் நின்றபடியே சொன்னார். ஃபைலம்மாவிடம் கொடுத்தால் தாமதமாகும் என்று நேராக அதிகாரியின் அறைக்கே போய்விட்டாராம். தப்பு செய்தவன் நான், என் மகள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதிகாரி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாராம். அவ்வளவு மரியாதையான மனிதரைச் சட்டப் புத்தகம் என்கிறார்களாமே, பாவம் என்றார்.

"நம்ம பொண்ணைப் பத்திப் பெருமையா சொன்னேன், மாப்பிள்ளை. பதினேழு வயசுலயே இங்க வேலைக்கு வந்துட்டா சார், அவ்வளவு பொறுப்புன்னு. பதினேழான்னு கேட்டாரு. ஆமா சார்னேன். அதையும் குறிச்சுக்கிட்டாரு."

லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்தார். பஸ்ஸில் பேசி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. பொடிசின் செல்பேசி ஒரு தடவை அதிர்ந்தது. ஃபைலம்மாவின் எண். நாளை காலை ஒன்பது மணிக்கு அதிகாரி அறைக்கு வரவும், நியமன உத்தரவின் அசல் கொண்டுவரவும். கீழே தனியாக ஒரு வரி: என்னம்மா நடந்தது, எனக்குச் சொல்லாமல் ஏன் செய்தாய்?

படித்துவிட்டுக் கணவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அலற வேண்டும்போல இருந்தது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. குனிந்து அவர் காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது உனக்குக் குறுக்க நிக்குதுன்னு சொன்னியேம்மா. எடுத்துப் போட்டுட்டேன்" என்றார் ஆபரேட்டர். "இனிமே ஒண்ணும் தடை இல்லல்ல? ஊசி என்னிக்கு ஆரம்பிப்பாங்க?"

பொடிசு நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு ஒம்போது மணிக்குத் தெரிஞ்சுடும்ப்பா."